அவுட்சோர்ஸ் ஆராய்ச்சி: ஒப்பந்தத்தில் விலை எங்கே, வில்லங்கம் எங்கே?

2025 ஜூலையில் கிளென்மார்க் குழுமத்தைச் சேர்ந்த இக்னோஸ் கிளென்மார்க் இன்னோவேஷன், ஐஎஸ்பி 2001 என்ற புற்றுநோய் மருந்துக்கான உரிமத்தை அமெரிக்காவின் ஆப்வி நிறுவனத்துக்குக் கொடுத்தது. முன்பணம் 70 கோடி டாலர். அதற்கு மேல், குறித்த கட்டங்களைத் தாண்டும்போது தரும் மைல்ஸ்டோன் தொகை 122.5 கோடி டாலர் வரை, விற்பனையில் பங்காக ராயல்டி தனி. செய்தி வந்ததும் பங்குச்சந்தை ஆர்வலர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது. சின்ஜீன், அராஜென் போன்ற இந்திய ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களும் வெளிநாட்டு மருந்து கம்பெனிகளுக்குத்தானே ஆராய்ச்சி செய்கின்றன, அவர்களுக்கும் ஒருநாள் இப்படிப் பணம் கொட்டுமா?

பெரும்பாலும் கொட்டாது. அவர்கள் கையெழுத்திடுவது வேறு வகை ஒப்பந்தம். இரண்டையும் செய்திகள் 'ஆராய்ச்சி ஒப்பந்தம்' என்றே எழுதுவதால்தான் குழப்பம். சீன ஆய்வு நிறுவனங்களைக் குறிவைத்த பயோசெக்யூர் மசோதா 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியதிலிருந்து, இந்தியாவுக்கு வரப்போகும் ஆராய்ச்சி வேலை பற்றிய பேச்சும் கூடியிருக்கிறது. வேலை வருவது சரி, எந்த நிபந்தனையில் வருகிறது என்பதுதான் விஷயம். இந்த ஒப்பந்தங்களில் தலைப்புச் செய்தியாகும் தொகை எளிதான பகுதி. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், நடுவில் யார் முடிவெடுப்பது, பாதியில் நின்றால் யார் கையில் என்ன மிஞ்சும் என்ற மூன்றும்தான் ஒப்பந்தத்தின் உண்மையான மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

## விற்பது எதை?

வெளியில் கொடுத்துச் செய்யும் ஆராய்ச்சியில் மூன்று விதமான சரக்கு கைமாறுகிறது.

1. நேரம். இதைத் தொழிலில் எஃப்டிஇ முறை என்பார்கள். ஒரு விஞ்ஞானியின் ஓராண்டு முழுநேர உழைப்பு ஓர் அலகு. இத்தனை பேர், ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. என்ன செய்ய வேண்டும் என்பதை வேலை கொடுப்பவர் வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம். மூலக்கூறு தேறினாலும் தேறாவிட்டாலும் பில் ஒன்றுதான். பெங்களூரில் சின்ஜீன் வளாகத்தில் பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கென்றே 2009-இல் திறந்த தனி ஆய்வு மையம் இந்தத் தொழிலில் அடிக்கடி காட்டப்படும் உதாரணம். அந்த உறவு 2021-இல் 2030 வரை நீட்டிக்கப்பட்டது.

2. வேலை. இந்தச் சேர்மத்தை இத்தனை கிராம் செய்து கொடு, இந்த நச்சுத்தன்மைச் சோதனையை நடத்தி அறிக்கை கொடு என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட முடிகிற வேலைக்கு மட்டும் இது பொருந்தும்.

3. பலன். ஆய்வு செய்பவரே தன் பணத்தைப் போட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, பாதிவழியில் பெரிய நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கிறார். முன்பணம், மைல்ஸ்டோன், ராயல்டி என்ற மூன்று படிகளில் பணம் வரும். கிளென்மார்க் செய்தது இதுதான். பல ஆண்டு தோல்விகளையும் அதே குழுமம்தான் சுமந்தது.

முதல் இரண்டிலும் மருந்து தேறாமல் போகும் ஆபத்து வேலை கொடுப்பவருக்கு. அதனால் லாபமும் அவருக்கே. மூன்றாவதில் இரண்டையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

எந்த ஆராய்ச்சியை வெளியே கொடுக்கிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மருந்துச் சோதனைகளை ஆராய்ந்த பியேர் அசூலே என்ற பொருளியலாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இது: பெருமளவில் தரவு சேகரிக்கும் திட்டங்களை நிறுவனங்கள் ஒப்பந்த ஆய்வகங்களுக்குத் தள்ளுகின்றன, புதிய அறிவு பிறக்கும் திட்டங்களைத் தம் ஆட்களிடமே வைத்துக்கொள்கின்றன. காரணம் கூலி மட்டுமில்லை. தரவு சேகரிப்பை ஒப்பந்தத்தில் எழுத முடியும், 'யோசி' என்பதை எழுத முடியாது.

## வழக்கமான ஒப்பந்தம் ஏன் போதாது?

வீடு கட்ட மேஸ்திரியிடம் பேசும்போது வரைபடம் இருக்கிறது, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது, கம்பியும் சிமெண்டும் எந்த பிராண்ட் என்பதுவரை எழுதிக்கொள்ளலாம். ஆராய்ச்சியில் அந்த வரைபடத்தை வரைவதே வேலை. கையெழுத்திடும் நாளில் அது இருவரிடமும் கிடையாது.

இதைப் பொருளியலில் 'முழுமையற்ற ஒப்பந்தம்' என்பார்கள். வரக்கூடிய எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே எழுத முடியாது என்பதால், எழுதாமல் விட்ட இடத்தில் யாருக்கு அதிகாரம் என்பதை மட்டும் தீர்மானித்து வைக்க வேண்டும். இந்தச் சிந்தனையை வளர்த்த ஆலிவர் ஹார்ட்டும், ஊக்கத்தொகைக் கோட்பாட்டை வளர்த்த பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராமும் 2016-இல் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆராய்ச்சியில் சிக்கல் மூன்று பக்கமிருந்து வருகிறது.

1. விளைவு தெரியாது. மனிதர்களிடம் சோதனை தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்றுதான் சந்தையைத் தொடுகிறது என்பது தொழிலில் பழகிப்போன கணக்கு. ஆக, தோல்வியை ஒப்பந்த மீறலாக எழுத முடியாது.

2. உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் வேலை செய்தும் ஒன்றும் வரவில்லை என்றால், இயற்கை ஒத்துழைக்கவில்லையா, ஆய்வகம் நல்ல ஆட்களை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

3. அறிவைத் திருப்பி வாங்க முடியாது. பார்த்தால்தான் மதிப்பு தெரியும், பார்த்துவிட்டால் பிறகு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கென்னத் ஆரோ 1962-லேயே சுட்டிக்காட்டிய முரண் இது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் முதலில் கையெழுத்தாவதும், முக்கியமான தகவல் கட்டம் கட்டமாக வெளிவருவதும் இதனால்தான்.

## நிலையான விலையா, செலவோடு லாபமா?

இரண்டு எல்லைகள் உண்டு. ஆன செலவைக் கொடுத்து, மேலே ஒரு லாபம் தருவது ஒன்று. இதில் ஆய்வகத்துக்குச் செலவைக் குறைக்கும் அக்கறை இருக்காது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துவிடுவது மற்றொன்று. இதில் எல்லா ஆபத்தும் செய்பவர் தலையில்.

ஆராய்ச்சிக்கு நிலையான விலை பேசினால் என்ன ஆகும் என்பதற்கு பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும், போயிங் நிறுவனத்தின் கேசி-46 விமானம் நல்ல சான்று. 2011-இல் அமெரிக்க விமானப்படையுடன் 490 கோடி டாலர் உச்சவரம்பு. அதற்கு மேல் ஆனால் போயிங் பொறுப்பு. இன்றுவரை போயிங் அந்தத் திட்டத்தில் 700 கோடி டாலருக்கு மேல் நட்டம் எழுதியிருக்கிறது. 'அரசுக்கு லாபம்தானே' என்று தோன்றும். ஆனால் விமானமும் தாமதமாகவே வந்தது, குறைகளோடும் வந்தது.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியமானது. விண்வெளி வீரர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல 2014-இல் நாசா இரு நிறுவனங்களோடு நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டது. போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. ஸ்பேஸ்எக்ஸ் 2020 மேயில் வீரர்களை அனுப்பிவிட்டது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் வீரர்களோடு கிளம்பியது, செப்டம்பரில் அவர்கள் இல்லாமல் காலியாகத் திரும்பியது. நடுவில் ஒரு கூத்து. நிலையான விலை என்று பேசிய பிறகும், பயண அட்டவணையில் விழக்கூடிய இடைவெளியைச் சரிக்கட்ட போயிங்குக்குக் கூடுதலாக 28.72 கோடி டாலர் தர நாசா ஒப்புக்கொண்டதை அதன் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2019 அறிக்கையில் விமர்சித்தது.

இதற்குப் பொருளியலில் பிடித்துவைத்தல் சிக்கல் என்று பெயர். பாதி வழியில் வேறு ஆளுக்கு மாற முடியாத நிலை வந்துவிட்டால், காகிதத்தில் உள்ள விலை மறுபடி பேரத்துக்கு வந்துவிடும். நாசாவுக்கு மிச்சமிருந்த ஒரே பாதுகாப்பு, இரண்டாவது நிறுவனத்தையும் கூடவே வைத்திருந்தது. செலவு பிடித்தாலும், ஸ்டார்லைனர் வீரர்களைத் திருப்பி அழைத்துவந்தது அந்த இரண்டாவது நிறுவனம்தான்.

சுருக்கமாக ஒரு விதி சொல்லலாம். இலக்கு தெளிவு, வழியும் ஓரளவு தெளிவு என்றால் நிலையான விலை. இலக்கு தெளிவு, வழி தெரியாது என்றால் மைல்ஸ்டோன். இரண்டுமே தெரியாது என்றால் எஃப்டிஇ, அதோடு எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை.

## மைல்ஸ்டோனை எப்படி எழுதுவது?

மைல்ஸ்டோன் என்பது தவணை இல்லை. ஒவ்வொன்றும் 'தொடரலாமா, நிறுத்தலாமா' என்று கேட்கும் சோதனைச் சாவடி. இதை அருமையாகப் பயன்படுத்தியதும் நாசாதான்.

2006-இல் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசெல்லும் வாகனம் உருவாக்க ஸ்பேஸ்எக்ஸுக்கு 27.8 கோடி டாலர், ராக்கெட்பிளேன் கிஸ்ட்லருக்கு 20.7 கோடி டாலர் என்று ஒதுக்கினார்கள். மைல்ஸ்டோனை முடித்தால் மட்டும் பணம். தொழில்நுட்பத்தோடு நிறுவனத்தின் நிதிநிலைக்கும் மைல்ஸ்டோன் வைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். குறித்த தேதிக்குள் இவ்வளவு தனியார் முதலீடு திரட்டிக் காட்ட வேண்டும். கிஸ்ட்லரால் திரட்ட முடியவில்லை. 2007 அக்டோபரில் நாசா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதுவரை கொடுத்தது 3.21 கோடி டாலர்தான். மிஞ்சிய பணம் மறுபடி போட்டிக்கு வந்து, 2008 பிப்ரவரியில் 17 கோடி டாலர் ஆர்பிட்டல் சயின்சஸுக்குப் போனது. ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் 2012 மேயிலும், ஆர்பிட்டலின் சிக்னஸ் 2013 செப்டம்பரிலும் நிலையத்தை அடைந்தன. மூன்றில் ஒன்று தோற்றும் திட்டம் கவிழவில்லை. தோற்றதைச் சீக்கிரம், மலிவாகத் தோற்கவைத்த ஒப்பந்தம் அது.

இப்போது மருந்து ஆய்வகத்துக்கு வருவோம். ஒரு மைல்ஸ்டோன் வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இலக்கு நொதியைத் தடுக்கும் தகுந்த மூலக்கூறு கண்டறியப்பட்டவுடன் 10 லட்சம் டாலர் தரப்படும்."

'தகுந்த' என்பதை யார் சொல்வது? 'கண்டறியப்பட்ட' நாள் எது? இந்த வரியால் வழக்கறிஞர்களுக்குத்தான் வருமானம். அதே வரியை இப்படி எழுதலாம்:

"இணைப்பு 2-இல் விவரித்த நொதிச் சோதனையில் ஐசி50 அளவு 100 நானோமோலாருக்குக் கீழ், எச்பிஎல்சி-யில் தூய்மை 95 சதவீதத்துக்குக் குறையாமல், 50 மில்லிகிராம் மாதிரி ஒப்படைப்பு, அதே முடிவு வேலை கொடுப்பவரின் ஆய்வகத்தில், அல்லது இருவரும் ஏற்ற மூன்றாவது ஆய்வகத்தில், மீண்டும் கிடைக்க வேண்டும். மாதிரி கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் மைல்ஸ்டோன் நிறைவேறியதாகக் கொள்ளப்படும்."

ஐசி50 என்பது நொதியின் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் அடர்த்தி. சிறியதாக இருந்தால் மருந்து வலுவானது. எச்பிஎல்சி என்பது மாதிரியின் தூய்மையை அளக்கும் ஆய்வக முறை. கடைசி வாக்கியம் ஆய்வகத்துக்கான கவசம். அது இல்லாவிட்டால் பெரிய நிறுவனம் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்றே ஓராண்டு ஓட்டிவிடும்.

ஆனால் இவ்வளவு இறுக்கமாக எழுதுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அளப்பது எதுவோ அதுதான் நடக்கும். ஐசி50-க்கு மட்டும் பணம் என்றால் நொதியை அருமையாகத் தடுக்கும், தண்ணீரில் கரையவே கரையாத மூலக்கூறு வந்து சேரும். சேர்மங்களின் எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எளிதில் செய்யக்கூடிய, பயனற்ற நூறு சேர்மங்கள் வரும். ஹோல்ம்ஸ்ட்ராமும் பால் மில்க்ரமும் 1991-இல் நிறுவியது இதைத்தான்: ஒருவர் பல வேலை செய்ய வேண்டியிருந்து, அதில் சிலவற்றை மட்டும் அளக்க முடிகிறது என்றால், அளக்க முடிந்ததற்குப் பெரிய ஊக்கத்தொகை வைப்பது கெடுதல். தொடக்கநிலை ஆராய்ச்சிக்கு அழுத்தமான ஊக்கத்தொகை இல்லாத எஃப்டிஇ முறை நிலைத்திருப்பதற்கு இது நல்ல காரணம். அதைச் சோம்பேறி ஒப்பந்தம் என்று சிலர் கேலி செய்வது நியாயமில்லை.

## கண்டுபிடிப்பு யாருக்கு?

பேச்சுவார்த்தையில் அதிக நேரம் எடுக்கும் பகுதி இதுதான், எடுக்கவும் வேண்டும். முதலில் இரண்டு சொற்கள். ஒப்பந்தத்துக்கு முன்பே ஒருவரிடம் இருந்த காப்புரிமை, மென்பொருள், செய்முறை எல்லாம் பேக்ரவுண்ட் ஐபி (ஐபி என்றால் அறிவுசார் சொத்து). ஒப்பந்த வேலையில் புதிதாகப் பிறப்பது ஃபோர்கிரவுண்ட் ஐபி. புதிது யாருக்கு என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பழையது இல்லாமல் புதிதைப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில் என்ன உரிமம், எவ்வளவு காலத்துக்கு என்று எழுதத்தான் மறக்கிறார்கள். கண்டுபிடிப்பு உங்களுடையது, அதைத் தயாரிக்கும் செய்முறை ஆய்வகத்துடையது என்றால், வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள், வாசலுக்குச் சொந்தக்காரர் அவர்.

எழுதும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ரோஷ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு பாடம். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர், தன் கண்டுபிடிப்புகளின் உரிமையை ஒப்படைக்க 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் நுட்பத்தைக் கற்றுக்கொள்ள 1989-இல் அந்த நுட்பம் பிறந்த சீட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கே வருகையாளர்களுக்கான ரகசியக் காப்புப் படிவத்தில், உரிமையை 'இதன்மூலம் ஒப்படைக்கிறேன்' என்ற வரி இருந்தது. கையெழுத்திட்டார். பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பி, ரத்தத்தில் எச்ஐவி அளவைக் கணக்கிடும் முறை உருவாக உதவினார். சீட்டஸின் பிசிஆர் தொழிலை 1991-இல் ரோஷ் வாங்கியது. 2005-இல் ஸ்டான்ஃபோர்ட் வழக்குப் போட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: ஸ்டான்ஃபோர்டிடம் இருந்தது எதிர்கால வாக்குறுதி, சீட்டஸிடம் இருந்தது உடனடி உரிமை மாற்றம். ஆகவே முந்தியது சீட்டஸ். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் 1980-இன் பே-டோல் சட்டம் பல்கலைக்கழகத்துக்குத் தானாகவே உரிமை தருகிறது என்ற வாதத்தையும் 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று நிராகரித்தது. வருகையாளருக்கு நீட்டப்பட்ட ஒரு படிவம், பல்கலைக்கழகம் பேசி எழுதிய ஒப்பந்தத்தை வீழ்த்திவிட்டது. அதன்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்கள் படிவங்களை மாற்றி எழுதின.

ராயல்டியிலும் இதே கதை. 1976-இல் புதிதாகப் பிறந்த ஜெனென்டெக், கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தின் ஆர்தர் ரிக்ஸ், கெயிச்சி இதாகுரா இருவரின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. அவர்கள் செயற்கையாக உருவாக்கிய டிஎன்ஏ கொண்டு தயாரிக்கும் பொருள்களின் விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அந்த வழியில்தான் மனித இன்சுலின் வந்தது. ஈலை லில்லி தயாரித்த அதற்கு 1982-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ராயல்டியும் வந்தது. சிக்கல் எங்கே என்றால், ஜெனென்டெக் அந்தக் காப்புரிமைகளை வேறு பல நிறுவனங்களுக்கு, வேறு மருந்துகளுக்கும் உரிமம் கொடுத்துச் சம்பாதித்தது. அதிலும் பங்கு உண்டா? ஒப்பந்தத்தில் தெளிவில்லை. 1999-இல் வழக்கு. நடுவர் குழு 30 கோடி டாலர் இழப்பீடும் 20 கோடி டாலர் தண்டத்தொகையும் விதித்தது. 2008-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டத்தை ரத்து செய்து, 30 கோடியை உறுதி செய்தது. 'மூன்றாம் நபருக்கு உரிமம் கொடுத்தால் வரும் வருமானத்தில் இவ்வளவு' என்று ஒரே ஒரு வரி 1976-இல் எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை.

இந்தியாவில் வேலை நடக்கிறது என்றால் கூடுதலாகச் சில கண்ணிகள் உண்டு.

1. வெளியாருக்குக் காசு கொடுத்து எழுதவைத்த மென்பொருள், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், எழுதியவருக்கே முதல் உரிமை. ஊழியர் எழுதினால்தான் முதலாளிக்கு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், மாறாக எழுதியிருந்தாலொழிய, அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவின்படி உரிமை காலாவதி. இந்திய ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகெங்கும், 19(4) பொருந்தாது' என்று நீளமான ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது இதற்காகத்தான்.

2. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் கண்டுபிடிப்பில் பங்கு பெற்றிருந்தால், காப்புரிமைச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி இங்கே முதலில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் விண்ணப்பிக்க முன்அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும், இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் வழி உண்டு. பாஸ்டனில் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் அவசரத்தில் அங்கே விண்ணப்பித்துவிட்டால் மாட்டிக்கொள்வது இங்குள்ள வேதியியலாளர். யார் அனுமதி வாங்குவது, எத்தனை நாளுக்குள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

3. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்று எழுதினால், 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கும். ஒப்பந்தம் நடக்கும்போது போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்று கேட்கலாம். முடிந்த பின் ரகசியக் காப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. மாதிரியை இங்கே அனுப்பிச் சோதிப்பதால் சேவை இந்தியாவிலேயே நடந்ததாகக் கருதி, ஏற்றுமதிச் சலுகை இல்லாமல் ஜிஎஸ்டி கேட்கும் தகராறு மருந்து ஆராய்ச்சியில் இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல், குறிப்பிட்ட மருந்து ஆராய்ச்சிச் சேவைகளுக்கு வாங்குபவர் இருக்கும் இடமே சேவை நடந்த இடம் என்று மாற்றினார்கள். மற்ற துறைகளுக்கு அதே சலுகை இருப்பதாக நினைத்து விலை பேசக்கூடாது.

## நடுவில் யார் சொல்வது செல்லும்?

ஓராண்டு கழித்து இரண்டு வழி தெரிகிறது, எதில் போவது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் கூட்டு வழிகாட்டுக் குழு ஒன்று இருக்கும், இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள். சமமாகப் பிரிந்தால் யாருக்கு இறுதி வாக்கு என்பதைப் பாருங்கள், மற்றதெல்லாம் மரியாதைக்கு.

ஃபிலிப் அகியோனும் ஜான் திரோலும் 1994-இல் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். வெற்றி யாருடைய முயற்சியைக் கூடுதலாக நம்பியிருக்கிறதோ அவரிடம் உரிமை இருப்பது நல்லது. ஆனால் ஆய்வகத்திடம் பணம் இல்லையென்றால், தன்னிடம் இருக்க வேண்டிய உரிமையையும் விற்றுவிடும். ஜோஷ் லெர்னரும் ராபர்ட் மெர்ஜஸும் 1998-இல் 200 உயிரித்தொழில்நுட்பக் கூட்டணிகளை ஆராய்ந்தபோது நடைமுறையிலும் அப்படித்தான் இருந்தது. ஆய்வு நிறுவனத்தின் நிதிநிலை எவ்வளவு பலமோ, அவ்வளவு குறைவாகவே அது கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்தது. கையில் காசில்லாத மாதத்தில் கையெழுத்திடும் ஸ்டார்ட்அப்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

உரிமம் வாங்கியவர் மருந்தைப் பெட்டியில் பூட்டிவைத்தால்? அதற்காக 'நியாயமான முயற்சி' என்ற பிரிவு வைப்பார்கள். அதன் பலவீனத்தை 2021-இல் உலகமே பார்த்தது. கொரோனா தடுப்பூசி வர வேண்டிய அளவில் வராததால் ஐரோப்பிய ஒன்றியம் அஸ்ட்ராஜெனிகா மீது வழக்குப் போட்டது. 'சிறந்த நியாயமான முயற்சி' என்றால் எந்தெந்தத் தொழிற்சாலையைப் பயன்படுத்த வேண்டும் என்பதே வாதம். செப்டம்பரில் சமரசம் ஆனது. முயற்சியை இத்தனை ஆட்கள், ஆண்டுக்கு இவ்வளவு செலவு, இந்தத் தேதிக்குள் முதல் நோயாளி என்று எண்ணாக எழுதுவது அழகாக இருக்காது, ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும்.

## நிறுத்தும் நாளுக்கு எழுதுவது

பெரும்பாலான திட்டங்கள் நிறுத்தப்படப்போகின்றன. அப்படியிருக்க, முடிவுப் பிரிவைக் கடைசிப் பக்கத்தில் வார்ப்புருவிலிருந்து ஒட்டிவிடுவது வேடிக்கை.

ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 1997-இல் பாலாகிளிட்டசோன், அடுத்த ஆண்டு ராகாகிளிட்டசார் என்று தன் இரண்டு நீரிழிவு மூலக்கூறுகளை டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. 2002-இல் விலங்குச் சோதனையில் சிறுநீர்ப்பைக் கட்டிகள் தெரிந்ததால் ராகாகிளிட்டசார் நின்றது. 2004-இல் பாலாகிளிட்டசோனையும் நோவோ விட்டுவிட்டது. ஆனால் அதன் உரிமை ஹைதராபாதுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே ரியோசயன்ஸ் என்ற இன்னொரு டேனிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து டாக்டர் ரெட்டீஸால் அதை மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோக முடிந்தது. கடைசியில் மருந்தாகவில்லை என்பது வேறு. முதல் கூட்டாளி விலகிய பிறகும் ஆட்டத்தில் இருக்க முடிந்தது.

எல்லா நேரமும் ஆய்வகத்துக்கே உரிமை திரும்ப வேண்டும் என்பதில்லை. உல்ரிகே மால்மெண்டியரும் ஜோஷ் லெர்னரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பணம் வாங்கிய ஆய்வகம் அதைத் தன் சொந்தத் திட்டங்களுக்குத் திருப்பிவிடலாம் என்ற பயம் உள்ள இடத்தில், பணம் கொடுப்பவர் நிறுத்தும் உரிமையோடு விரிந்த சொத்துரிமையையும் கேட்கிறார். திருப்பிவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற அச்சுறுத்தலே கண்காணிப்பாளர் வேலையைச் செய்கிறது. என்ன ஆராய வேண்டும் என்று துல்லியமாக எழுத முடியாத ஒப்பந்தங்களில்தான் இந்தப் பிரிவு அதிகம் தென்படுகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

உரிமை எந்தப் பக்கம் போனாலும், அதோடு கூடப் போக வேண்டியவற்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்:

1. மூலத் தரவு, தோற்றுப்போன சோதனைகளின் தரவு உட்பட. அறிக்கை மட்டும் போதாது.
2. மிச்சமிருக்கும் மாதிரிகள், செல் வரிசைகள், தயாரிப்புச் செய்முறை. எத்தனை மாதம் பயிற்சி தர வேண்டும், அதற்கு யார் செலவு.
3. ஒழுங்குமுறை அமைப்புகளிடம் செய்த விண்ணப்பங்கள் யார் பெயருக்கு மாறும்.
4. விலகியவரின் பேக்ரவுண்ட் ஐபி தேவைப்பட்டால் அதற்கான உரிமம், ராயல்டியோடு அல்லது இல்லாமல்.
5. விலகியவர் போட்ட செலவுக்குப் பிற்கால வெற்றியில் பங்கு உண்டா, உச்சவரம்பு எவ்வளவு.

எஃப்டிஇ ஒப்பந்தத்தில் இது வேறு உருவம் எடுக்கும். அங்கே திரும்ப வேண்டிய மூலக்கூறு எதுவும் ஆய்வகத்துக்குக் கிடையாது, ஆட்கள்தான் மிஞ்சுவார்கள். வாடிக்கையாளருக்கென்று எடுத்த விஞ்ஞானிகளை 90 நாள் நோட்டீஸில் எங்கே வைப்பது? ஆகவே ஒரேயடியாக நிறுத்தாமல் காலாண்டுக்கு இத்தனை பேர் என்று குறைப்பதும், அவர்களுக்கென வாங்கிய கருவிகளின் மீதி விலையை வேலை கொடுப்பவர் ஏற்பதும் பேசி எழுதப்படுகின்றன. ஆட்களை வாடிக்கையாளரே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா, எடுத்தால் ஆய்வகத்துக்கு எவ்வளவு என்பதும் அங்கேயே. பங்குச்சந்தை அறிவிப்பில் இவை எதுவும் வராது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது என்று தேடிப் பார்த்தால், அந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பது ஓரளவு பிடிபடும்.